தாளாளரின் எரிமலை

நான் பூகோளம் நடத்திய பள்ளிக்கூடத்தில் பூகோள உருண்டை கிடையாது. வாங்கியிருந்தார்கள். ஆனால் அது தாளாளர் வீட்டுக் கூடத்தில், ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிறவர்கள் பார்த்து மெச்சுகிறார்கள், அங்கேயே இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். பாடத்துக்குத் தேவைப்பட்டால் மாணவிகளை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு அனுமதியும் கொடுத்திருந்தார். கையால் தொடக்கூடாது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பெண்கள் பள்ளி. மதுரையில் படிப்பை முடித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதை நிரந்தரமாக்குவதும் ஆக்காமல் இழுப்பதும் தாளாளர் கையில் இருந்தது. அவர் வேடசந்தூர்ப் பக்கத்து மில்களுக்குப் பஞ்சு வாங்கிக் கொடுப்பவர். தும்பைப்பூ மாதிரி சட்டை போடுவார். எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசுவார், தனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னதையெல்லாம் தான் சொன்னதாக மாற்றிவிட்டு உட்காருவார். எங்கள் தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். ஆனால் எதைப் பேசத் தொடங்கினாலும் "கரஸ்பாண்டெண்ட் என்ன நினைக்கிறாருன்னா" என்றுதான் தொடங்குவார். மழை வரும்போலிருக்கிறது என்பதைக்கூட அப்படித்தான் சொல்வார்.

பாடப் புத்தகத்தில் பூமியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஆதியில் பூமி நெருப்புக் கோளம். அது மெல்ல மெல்ல ஆறுகிறது. ஆற ஆறச் சுருங்குகிறது. வாடிய எலுமிச்சம்பழத்தின் தோலில் சுருக்கம் விழுவது மாதிரி விழுந்த சுருக்கங்கள்தான் மலைகள். நான் இதை நடத்தி முடித்ததும் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள்.

"எலுமிச்சம்பழம் வாடினா முழுசும் சுருங்குது டீச்சர். பூமியில மட்டும் ஏன் அங்கொண்ணு இங்கொண்ணா மலை இருக்கு?"

அவள் அதோடு விடவில்லை. பழைய தேசப்படத்திலிருந்து ஆப்பிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் கத்தரித்து வைத்திருந்தாள். மேசைமேல் இரண்டையும் ஒட்டிவைத்துக் காட்டினாள். உடைந்த ஓட்டின் இரண்டு துண்டுகள் மாதிரி சேர்ந்தன. கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு பிரிந்து நகர்ந்தன என்று ஐம்பது வருடம் முன்பே ஒரு ஜெர்மன்காரர் சொன்னதையும், மற்ற அறிஞர்கள் அவரைக் கேலி செய்ததையும் நான் கல்லூரியில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். நம் இந்தியாவே ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருந்ததாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "இந்தியா நகருதுன்னு எழுதினா பரீட்சையில மார்க் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"அப்ப நகராது."

அந்தப் பத்து வருடம் முடிவதற்குள் உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, கடலுக்கடியில் புதுப் பாறை பிறந்து அவற்றைத் தள்ளுகிறது, தட்டுகள் உரசும் இடத்தில் நிலம் நடுங்குகிறது, ஒன்றின் அடியில் ஒன்று அமிழும் இடத்தில் எரிமலை வெடிக்கிறது, நம் இந்தியா ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் வடக்கே போய் இமயமலையை முட்டித் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் பாடப் புத்தகம் மாறும்வரை இந்தியா அசையாமல் நின்றது.

அந்த வருடக் கண்காட்சிக்கு நான் களிமண்ணில் ஒரு எரிமலை செய்தேன். உச்சியில் குழி. குழியில் ஆரஞ்சு நிற உப்பு ஒன்றைக் கொட்டிப் பற்றவைத்தால் பொறி பறந்து, பச்சைச் சாம்பல் பொங்கி வழியும். தாளாளர்தான் பற்றவைத்தார். பற்றவைத்துவிட்டு அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டதால் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. இருந்தாலும் எரிமலை என்ற சொல் அன்று ஊருக்குள் இறங்கிவிட்டது.

பள்ளிக்கு ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஊரில் நன்கொடை திரட்டியிருந்தார்கள். செங்கல் சுவர் எழுந்து நின்றது. பூசுவதற்கும் வெள்ளையடிப்பதற்கும் காளவாசலிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கல் வண்டி வண்டியாக வந்தது. பள்ளியின் பின்பக்கத்துக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். பிறகு ஒரு நாள் மூட்டைகளைக் காணோம். ஆண்டு விழாவில் தாளாளர் "சுண்ணாம்பு முச்சூடும் சுவருக்குள்ள போயிருச்சு" என்று அறிவித்தார். கைதட்டினார்கள். சுவர் அதே செங்கல் சுவராகத்தான் இருந்தது. அதில் சாய்ந்து உட்காரும் பெண்களின் தாவணியில் சாயங்காலம் பார்த்தால் செம்மண் பூசியதுபோல் இருக்கும். சுவரைப் பார்க்கக் கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்று மட்டும் பேச்சு இருந்தது.

பங்குனி மாதம். மழையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலம். ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் வாயில் ஒரே செய்தி. வடமதுரை ரோட்டில், எங்கள் தாளாளரின் தென்னந்தோப்பில், பல வருடமாகத் தூர்ந்து கிடந்த கிணறு கொதிக்கிறது. உள்ளேயிருந்து புகை வருகிறது. குமுறல் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்க்க இறங்கிய ஒருவர் கால் வெந்து கொப்பளித்துவிட்டது. தோப்புக் காவல்காரர் ஓடிவந்து தாளாளரிடம் சொல்ல, அவர் போய்ப் பார்த்திருக்கிறார். கூட்டம் கூடி "என்னங்க இது" என்று கேட்டபோது, செத்த நேரம் யோசித்துவிட்டு, "எரிமலை" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் தனியார் பஸ்கள் தோப்பு வாசலில் நின்று போயின. கண்டக்டர்கள் "எரிமலை, எரிமலை" என்று கூவி ஆளை இறக்கினார்கள். இளநீர் வெட்டுகிறவர், வடை போடுகிறவர், குழந்தைகளுக்கு ஊதல் விற்கிறவர் என்று தோப்பில் ஒரு சந்தையே முளைத்தது. ஊருக்குள் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. முற்றத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் ஆடியது. போகும்போதெல்லாம் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடிவந்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் புதுப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டுப் போனார்கள். நிலம் பிளந்து வீடு உள்ளே போனாலும் பூட்டு இருக்க வேண்டும் அல்லவா. எங்கள் ஊர்ப் பூட்டு அப்படி.

தாளாளரின் மனைவியும் பயந்துபோய் ஒட்டன்சத்திரத்தில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பள்ளியிலிருந்து எங்களை ஒரு பஸ் பிடித்து அழைத்துப் போனார்கள். மாணவிகள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கிணற்றுக்குள் வெள்ளைக் குழம்பு ஒன்று கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. சூடான ஆவி முகத்தில் அடித்தது. கந்தக வாடை இல்லை. வேறொரு வாடை இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையிலும் மண்பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது வருமே, அந்த வாடை. கிணற்று ஓரத்தில் பாதி வெந்துபோன ஒரு சாக்கு தொங்கியது. எங்கள் பள்ளிக் கொட்டகையில் அடுக்கியிருந்த மூட்டைகள் எங்கே போயின என்பது எனக்கு அங்கே நின்றபடியே புரிந்துவிட்டது. இலாகாக்காரர் வந்து போகும்வரை மறைத்துவைத்துப் பிறகு விற்பதற்குத் தூர்ந்த கிணறு நல்ல இடம்தான். மேலே கீற்றும் போட்டிருந்திருக்கிறார்கள். மழையைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு மட்டும் புரிந்தது என்று நினைக்க வேண்டாம். தோல் மண்டி வைத்திருக்கும் பாய் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தோல் ஊறவைக்கக் காலமெல்லாம் சுண்ணாம்பு வாங்குகிறவர். குனிந்து பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல சரக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

அங்கே நின்ற அத்தனை பேரும் பொங்கலுக்குச் சுண்ணாம்பு நீற்றியவர்கள். அத்தனை பேரும் எரிமலை என்றுதான் சொன்னார்கள். தோப்பு தாளாளருடையது. அவர் தயவு இல்லாமல் அந்தப் பக்கத்தில் பஞ்சு விற்க முடியாது.

தாளாளர் ஒரு குச்சியை நீட்டித் தூரத்தில் தெரிந்த திண்டுக்கல் மலையைக் காட்டி மாணவிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அந்த மலை இருக்கே, அதுதான் இந்த எரிமலைக்கு மூடி. அங்க அடைச்சுக்கிட்டதால இங்க பொத்துக்கிட்டு வருது."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது எரிமலைப் பாறை இல்லீங்க ஐயா. பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, சூட்டுலயும் அழுத்தத்துலயும் இறுகின பாறை. மேல மூடியிருந்ததெல்லாம் மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு போனதால இப்ப வெளிய தெரியுது."

"எம்புட்டு வருசம் இருக்கும்?"

"கோடிக்கணக்கான வருசம்."

"அம்புட்டு வருசம் சும்மா கிடந்தது நாளைக்கு வெடிக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களா டீச்சர்?"

மாணவிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை வானத்தைப் பார்த்தார்.

இரண்டொரு நாளில் தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் தோப்பிலேயே பொதுக்கூட்டம். மதுரையிலிருந்து பத்திரிகை நிருபர் வருகிறார். கல்வி இலாகாக்காரரையும் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். எரிமலையைப் பார்த்த கண்ணுக்குச் சுவரைப் பார்க்கத் தோன்றாது என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம்.

"நீங்க பேசணும் டீச்சர். எரிமலைன்னா என்னன்னு விளக்கமாச் சொல்லுங்க. கடைசியில, நம்ம தோப்புல வந்திருக்கிறதும் அதுதான்னு ஒரே ஒரு வார்த்தை."

"அது எரிமலை இல்லீங்க ஐயா."

அவருக்குக் கோபம் வரவில்லை. "உங்களுக்கு இன்னும் பெர்மனென்ட் ஆகலைல்ல," என்றார், காப்பி ஆறிப்போகிறதே என்று சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா ஓய்வு பெற்றுவிட்டிருந்தார், என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அழுது முடித்தபோது ஒன்று தோன்றியது. எரிமலை என்றால் என்னவென்று விளக்கமாகச் சொல்லத்தானே சொல்லியிருக்கிறார். சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். கல்லூரிக் குறிப்புகளை எடுத்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை தோப்பு நிறையக் கூட்டம். நிருபருக்கும் இலாகாக்காரருக்கும் நாற்காலி போட்டு இளநீர் கொடுத்திருந்தார்கள். நான் மேடை ஏறியபோது பலகை ஆடியது. முதல் வரிசையில் இருந்தவர்கள் அதையும் பூகம்பம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

எரிமலை எங்கே வரும் என்பதிலிருந்து தொடங்கினேன். பசிபிக் கடலைச் சுற்றி ஒரு மாலை மாதிரி எரிமலைகள் இருக்கின்றன, ஜப்பான், ஜாவா எல்லாம் அந்த வரிசையிலோ அதன் பக்கத்திலோ இருக்கின்றன, அங்கேதான் பூகம்பமும் அதிகம் என்றேன். நம் தெற்குப் பகுதி பூமியின் மிகப் பழைய, உறுதியான நிலங்களில் ஒன்று என்றேன். எரிமலையிலிருந்து வருவது பாறையே உருகிய குழம்பு, அது சிவப்பாக ஜொலிக்கும், அதில் இரும்பைப் போட்டால் பழுத்துப்போகும் என்றேன். வெடிப்பதற்கு முன்னால் நிலம் பல நாள் அதிரும், கந்தக நாற்றம் அடிக்கும், ஆறிய குழம்பு கறுப்புக் கல்லாகும் என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லோரும் கிணற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கிணறு வெள்ளையாக, அடக்கமாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முடித்துவிட்டு இறங்கப் போனேன். பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் கூட்டத்திலிருந்து கேட்டார். "அதெல்லாம் சரி டீச்சரு, அப்ப இதுக்குள்ள என்னத்த கொதிக்குது?"

நான் தாளாளரைப் பார்க்காமல் சொன்னேன். "பொங்கலுக்கு நீங்க வீட்டுல என்னத்தம்மா கொதிக்கவைப்பீங்க, வெள்ளையடிக்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. "சுண்ணாம்பு" என்று ஒருத்தி சொல்ல, அதைப் பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள். நிருபர் எதையோ எழுதினார். இலாகாக்காரர் இளநீரைக் கீழே வைத்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

தாளாளர் எழுந்தார். இன்றைக்கும் அந்த மனிதரின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"டீச்சரம்மா விஞ்ஞானபூர்வமா நிரூபிச்சுட்டாங்க," என்றார். "நானும் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நம்ம பூமிக்கு அடியில சுண்ணாம்பு இருக்கு. பூமியோட சூட்டுல அது வெந்து, மழைத் தண்ணி பட்டதும் பொங்கி வந்திருக்கு. இது சுண்ணாம்பு எரிமலை. மனுசன் கொண்டுவந்து போட்டது இல்லை. பூமாதேவி குடுத்தது."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் இலாகாக்காரரைப் பார்த்துச் சொன்னார். பலத்த கைதட்டல். நிருபர் "சுண்ணாம்பு எரிமலை" என்று எழுதிக்கொண்டார். இலாகாக்காரர் மறுபடி இளநீரை எடுத்தார். எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

அவர் யோசிக்காத ஒன்றை அந்தக் கிராமத்து அம்மா யோசித்துவிட்டார். "பூமாதேவி குடுத்ததுன்னா எல்லாத்துக்கும் பொதுதானங்க ஐயா," என்று பணிவாகக் கேட்டார். "சித்திரையில அம்மன் கோயில் திருவிழா வருது."

நிருபர் பேனாவுடன் நிமிர்ந்து பார்த்தார். தாளாளருக்கு வேறு வழியில்லை. "பொதுதான்," என்றார்.

சூடு ஆறியதும் கூடையும் குடமுமாக வந்தார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு ஊர் பாக்கியில்லை. நன்றாக நீறிய சுண்ணாம்பு, வெண்ணெய் மாதிரி. தாளாளர் தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அள்ள வேண்டாம் என்று சொல்ல அது யாருடையது என்று சொல்லியாக வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அவரைக் கும்பிட்டுவிட்டு அள்ளினார்கள். அவரும் கும்பிட்டார். அந்தச் சித்திரையில் வடமதுரை ரோட்டில் பஸ்ஸில் போனால் கண் கூசும். மாட்டுக் கொட்டில்கூட வெள்ளை வெளேரென்று நின்றது. எங்கள் பள்ளிக்கூடச் சுவர் மட்டும் சிவப்பு.

என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. நிரந்தரமாக்கவும் இல்லை. கோடை விடுமுறை நெருங்கும்போது மறுபடி ஆள் அனுப்பினார். இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது. அவர் மனைவி ஒட்டன்சத்திரத்திலிருந்து வர மறுக்கிறாராம். எரிமலை அடங்கிவிட்டது என்று ஆள்மேல் ஆள் அனுப்பியும் நம்பவில்லையாம். ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க போய் பூகோள முறைப்படி எடுத்துச் சொல்லுங்க டீச்சர். இங்க எரிமலையே வராதுன்னு. சுண்ணாம்புப் பேச்சு மட்டும் வேணாம். திரும்பி வந்ததும் உங்க பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன்."

போனேன். அந்த அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து, தம்பி மனைவிக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல நிறம் வந்திருந்தது. எனக்கு மோர் கொடுத்தார். நான் பழைய பாறை, உறுதியான நிலம், பசிபிக் மாலை எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், வெயில்ல இத்தனை தூரம் வந்தீங்க," என்றார் பிறகு. "எனக்குத் தெரியாதுங்களா. அந்தக் கெணத்துச் சுண்ணாம்புச் சாக்கெல்லாம் எங்க வீட்டுப் பஞ்சுச் சாக்குங்க. கிழிஞ்சதைத் தெச்சுக் குடுத்ததே நானுங்க."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கல்யாணம் ஆனதிலிருந்து பொறந்த வீட்டுல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல இருந்ததில்லீங்க. கேட்டா, ஆக்கிப்போட ஆரு இருக்காங்கம்பாரு. எரிமலைன்னு அவரே சொன்னாருங்க. பயமா இருக்குன்னேன். அவரே பஸ் ஏத்திவிட்டாரு." பூச்சரத்தை முடிந்து நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு வெடிச்சுக்கிட்டு இருக்கட்டுங்க."

கிளம்பும்போது ஒரு பை நிறையத் தக்காளியும் கத்தரிக்காயும் கொடுத்தார்.

மறுநாள் தாளாளர் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன சொன்னா?"

"நல்லாப் பயந்துபோயிருக்காங்க ஐயா. பூமி முழுசா ஆறட்டும், வாரேன்னு சொன்னாங்க."

அவர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "ஒரு எரிமலை முழுசா ஆற எம்புட்டு நாள் ஆகும் டீச்சர்?"

"சிலதுக்கு நூறு வருசம்கூட ஆகும் ஐயா," என்றேன்.